வலிக்கு எடை போட்ட செவ்வாய்க்கிழமைகள்

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நெஞ்சில் நீர் சேர்வது கொஞ்சம் நின்றிருக்கிறது, வலி மருந்துக்கு அடங்கியிருக்கிறது. அதனால் மருத்துவமனையிலிருந்து மலைக்கு மேலே அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவர் தூங்கும் பகல் நேரங்களில் இதை எழுதுகிறேன்.

நோய் முற்றிய ஒருவரோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து, “உங்கள் அம்மாவை எங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்கக்கூடும். அப்போது என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும், என் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கும் தெரியவில்லை என்பதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

எங்கள் தேயிலை எஸ்டேட், மலைமேல் கம்போங் ராஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா பெயர் பாக்கியம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேயிலைக் கொழுந்து வெட்டும் வேலை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லாரிகளை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன்.

மலையில் இருமலை யாரும் நோயாக எண்ணுவதில்லை. குளிர், பனி, உரத்தூள், ஏதோ ஒன்றின் மேல் பழி போட்டுவிடுவோம். அம்மாவும் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார். கூடையோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்கி நடுவில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். எக்ஸ்ரேயில் காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். அம்மாவின் இடது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது, உடனே கீழே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள்.

கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் தன் வேனைக் கொடுத்தார். கடைக்குச் சாமான் ஏற்றும் வேன் அது. பின் இருக்கையில் மெத்தை விரித்து, தலையணைக்கு உறை மாற்றி, ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீரும் வைத்திருந்தார். இறக்கத்தில் வளைவு வளைவாகப் போகும்போது அம்மா பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி சொன்னார்:

“நோயில சாகறேனோ இல்லியோ, இந்த வளைவுல செத்துடுவேன் போல.”

“வாய மூடிக்கிட்டு வாயேன்,” என்றார் அப்பா.

“மூடினா பையி எதுக்கு?”

அன்று நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

பிறகு நடந்தது பெரும்பாலும் காத்திருப்பு. இலக்கம் கூப்பிடும் வரை ஒரு நாற்காலி, கூப்பிட்ட பிறகு இன்னொரு நாற்காலி. முதலில் விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் விட்டு நீரை வடித்தார்கள். ஸ்கேன் என்பது பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து உடம்பைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. அதில் வலி இல்லை. பயாப்சி என்பது ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது. அதில் வலி உண்டு. முடிவு வரும் வரை காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அப்பா அந்த நாட்களில் மருத்துவமனைக்கு வெளியே இருந்த மரத்தடியில் போய் நிற்பார், உள்ளே வருவார், மறுபடி போவார்.

டாக்டர் மலாயில் விளக்கினார். நான் அம்மாவுக்குத் தமிழில் எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் மலாய் தெரியும்டா,” என்றார் அம்மா. “கன்சர்னு சொன்னாரு, புத்துநோய்தானே. அதுக்கு மேல என்னமோ சொன்னாரே, அத சொல்லு.”

நுரையீரலில் தொடங்கி எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சையால் பயனில்லை, கடுமையான மருந்துகளை அம்மாவின் உடம்பு தாங்காது. இவ்வளவையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, “சாப்ட்டியா?” என்றார்.

அவரை பெலியெட்டிவ் வார்டுக்கு மாற்றினார்கள். நோயைத் தீர்க்க முடியாதபோது, அதோடு இருப்பதை முடிந்தவரை எளிதாக்குகிற இடம் அது. அங்கே போனால் திரும்ப மாட்டார்கள் என்று எங்கள் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்களாம். அம்மா திரும்பி வந்திருக்கிறார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அங்கே கொடுத்த முக்கியமான மருந்து மார்ஃபின் சிரப். அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

“அது கஞ்சாக்காரன் சமாச்சாரம்டா. அவளுக்குப் பழகிட்டா?”

நர்ஸ் பொறுமையாக விளக்கினார். அளவோடு, வேளை தவறாமல் கொடுத்தால் வலியைக் குறைக்கும், மூச்சுத் திணறலையும் குறைக்கும். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு குறையும். நடுவில் வலி மீறி வந்தால் கூடுதலாக ஒரு வாய் கொடுப்பார்கள். எவ்வளவு தேவை என்று தெரிந்துகொள்ள, வலிக்குச் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். சுழியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. அம்மா ஒரு வாரத்தில் அதற்குப் பழகி, டாக்டர் வந்ததும் கேட்கும் முன்பே “மூணு டாக்டர்” என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் நளினி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, கிள்ளான் நகரப் பக்கத்துக்காரர். நோய் முற்றியவர்களுக்கு வலியும் மூச்சுத் திணறலும் எப்படி இருக்கின்றன, மருந்துக்கு மீறி எவ்வளவு மிஞ்சுகிறது, எதை வெளியே சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

நான் முடியாது என்றேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அம்மாவுக்கு மிச்சமிருக்கும் பொழுதே குறைவு. அதில் ஒரு மணி நேரத்தை இன்னொருவரின் பட்டத்துக்குக் கொடுப்பதா? இந்த ஆய்வால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்டேன்.

“உங்க அம்மாவுக்கு ஒண்ணும் கிடைக்காது,” என்றார் நளினி. “அதை மறைக்க மாட்டேன். பின்னால வர்றவங்களுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனா எஸ்டேட்ல வேலை செஞ்சவங்கள யாரும் அதிகம் கேக்கிறதில்ல. இங்கிலீஷ்லயோ மலாய்லயோ நல்லா பேசுறவங்ககிட்டதான் போய்க் கேக்கிறோம். நீங்க வேணாம்னா போயிடுறேன். அம்மாகிட்ட ஒரு தடவை நானே கேக்கலாமா?”

படுக்கையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “யார்டா அது? மிஸ்ஸிய உள்ள விடு.”

எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தான் நர்ஸ் இல்லை என்று நளினி முதலிலேயே சொன்னார். பிறகு எல்லாவற்றையும் தமிழில் வாசித்தார். சேராவிட்டாலும் மருத்துவம் மாறாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, சொல்லும் விஷயம் அம்மா அனுமதிக்காமல் வார்டுக்குப் போகாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் “சரிங்க மிஸ்ஸி, சரிங்க மிஸ்ஸி” என்றார்.

அந்தச் ‘சரிங்க’ எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எஸ்டேட் துரை வந்தாலும் கணக்கு எழுதும் கிராணி வந்தாலும் அம்மாவிடமிருந்து வருவது அதுதான். மழையில் வேலை என்றாலும் சரிங்க, ஞாயிற்றுக்கிழமை வா என்றாலும் சரிங்க. அம்மா மேலிடத்தில் யாரிடமும் ‘மாட்டேன்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் சொல்லும் சரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“கேட்டுட்டுப் போகட்டும்டா,” என்றார். “இத்தன வருசத்துல அவள உக்கார வச்சு யாரு என்ன கேட்டிருக்கா? நான் கேட்டேனா, நீ கேட்டியா?”

எனக்கு வேலை இருந்ததால் வார இறுதியில் மட்டும் கீழே போவேன். அப்பாதான் கூடவே இருந்தார். செவ்வாய்க்கிழமை வந்தால் அம்மாவுக்கு உற்சாகம் என்று போனில் சொல்வார். தலை சீவிவிடச் சொல்கிறாராம், ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாராம். பேச ஓர் ஆள் கிடைத்தது நல்லதுதான் என்று என் மனதும் கொஞ்சம் இளகியது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனேன். அம்மா பொட்டு வைத்து, ஸ்வெட்டர் பொத்தான்களை எல்லாம் போட்டு, பெரட்டுக்கு நிற்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரட்டு என்பது எஸ்டேட்டில் காலையில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஆனால் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. நளினி வந்து, இப்போது வலி எவ்வளவு என்று கேட்டார்.

“எட்டு.”

நளினி நிமிர்ந்து பார்த்தார். “போன வாரமும் எட்டு சொன்னீங்க ஆன்ட்டி. டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?”

“வேணாம் மிஸ்ஸி. நீங்க எழுதிக்குங்க.”

நளினி தயங்கினார். பிறகு, முடிந்தவரை குறைவாகப் பேசிவிட்டுக் கிளம்பினார். அவர் கதவைத் தாண்டியதும் அம்மா மேசையில் டிஷ்யூவால் மூடியிருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்தார். பாதி ஸ்வெட்டரில் சிந்த, மீதியை ஒரே மடக்கில் குடித்தார். காலையில் கொடுத்த மார்ஃபின் அது.

“என்னம்மா இது? ஏன் அப்பவே குடிக்கல?”

“வேல முடியட்டும்னுதான்.”

“என்ன வேல?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் சொல்லிப் பாத்துட்டேன். குமட்டுது, அப்புறம் குடிக்கிறேன்னு நர்ஸுக்கே டிமிக்கி குடுக்கிறா. கேக்கிற ஆளா இவ?”

அம்மா கண்ணை மூடியபடியே பேசினார்.

“டேய், அந்தப் பிள்ள எவ்ளோ வலின்னு கேக்குது. மருந்தக் குடிச்சுட்டு மூணுன்னா அது என் வலியா? ஈரக் கொழுந்த அப்படியே தராசுல போட்டா தண்ணியும் சேந்துதானே நிக்கும்? நான் ஒரு நாளும் அப்படி நிறுத்ததில்ல. உதறிட்டுத்தான் போடுவேன்.”

பனியில் நனைந்த கொழுந்தை உதறாமல் கொண்டுவந்து எடையைக் கூட்டுகிறவர்கள் எப்போதும் உண்டு. அம்மாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அதே நேர்மையை எடுத்துவந்து தன் உடம்பின் மேல் வைத்திருந்தார். மருந்தை உதறிவிட்டு வலியை மட்டும் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்.

“அவங்க கேக்கிறது மருந்து குடிச்ச பிறகும் எவ்வளவு மிஞ்சுதுன்னுதாம்மா. நீ செய்யறது தப்பு. நீயும் சும்மா கஷ்டப்படற.”

“அப்ப அத மொதல்லயே வெளங்கச் சொல்லியிருக்கணும். இப்பப் போயி சொன்னா பேரை வெட்டிடுவாங்க. நீ வாயத் தொறக்காத.”

நான் ஓடிப்போய் லிஃப்ட் பக்கத்திலேயே நளினியைப் பிடித்திருக்கலாம். ஆனால் அம்மாவின் இடத்தில் நின்று ஏற்கெனவே ஒரு முறை நான் பதில் சொல்லியிருந்தேன். அதனால் அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: “நீயே சொல்லு. அடுத்த செவ்வாய் நானும் வர்றேன். அதுவரைக்கும் எல்லா வேளையும் அப்பா கண்ணு முன்னாடி குடிக்கணும். அடுத்த வாரமும் நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்.” எனக்கு அந்த வாரம் வேலையே ஓடவில்லை.

அடுத்த செவ்வாய் நளினி உட்காரும் முன்பே அம்மா சொல்லிவிட்டார். “இன்னிக்கு மருந்து குடிச்சாச்சு. இதுக்கு முன்ன எல்லாச் செவ்வாயும் நீங்க வந்துட்டுப் போன பெறகுதான் குடிச்சேன்.” பிறகு கொழுந்து, தராசு, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னார். நளினி எதையும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார். நடந்ததை டாக்டரிடம் சொல்ல அம்மாவிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

நடைவழியில் அவரைப் பார்த்தபோது சுவரைப் பிடித்து நின்றிருந்தார்.

“வார்டுக்குச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன் தம்பி. அதனால ஒவ்வொரு வாரமும் எட்டுன்னு எழுதிட்டுப் போனேன். ஏன் எட்டுன்னு கேக்கல. என் கேள்விக்காக ஒருத்தங்க வலியோட உக்காந்திருந்திருக்காங்க.”

எனக்கு அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் வாசித்த வாக்கியங்கள் எல்லாமே சரியானவைதான். அம்மாவும் எல்லாவற்றையும் கேட்டார்தான். ஆனால் சொன்னதும் கேட்டதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க நளினி, அம்மா, நான் என மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நோயாளிகளை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். யாரும் கேட்காவிட்டால் அம்மாவைப் போன்றவர்களின் வலி டாக்டரிடம் சொல்லும் மரியாதையான ‘மூணு’ ஆகவே முடிந்துபோகும். ஆனால் கேட்கிறவர், எதிரில் இருப்பவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்துக் கேட்க வேண்டும். ஒரு முறை போதாது, ஒவ்வொரு முறையும்.

மறு வாரமும் விடுப்பு போட்டுப் போனேன். நளினி தன் பேராசிரியரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் பேசிவிட்டு வந்தார். ஓர் ஆய்வு மனிதர்களைக் காயப்படுத்தாமல் நடக்கிறதா என்று மேற்பார்க்கும் குழு அது.

“ஆன்ட்டி, அந்த எட்டெல்லாம் கணக்குல சேத்துக்க முடியாது. எடுத்துடணும்.”

அம்மா நம்பாமல் பார்த்தார். “அப்ப நான் பட்ட வலி?”

நளினி கையிலிருந்த தாளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“தூக்கிப் போட்டுடுவீங்களா? நான் பொய் எட சொல்லல மிஸ்ஸி.”

“இல்ல ஆன்ட்டி. எண்ணாத்தான் வச்சுக்க முடியாது. நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு எழுதலாம். நாங்க எங்க தவறினோம்னு மத்தவங்க படிப்பாங்க. நீங்க சம்மதிச்சா மட்டும். பேரு வராது.”

“பேரு இல்லாம என்னா வேல அது?” என்றார் அம்மா. எஸ்டேட்டில் பேர் விழாத நாளுக்குக் கூலி கிடையாது. அப்பா லேசாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“எழுதிக்குங்க,” என்றார் பிறகு.

“நன்றி ஆன்ட்டி. தொடர்ந்து நாம பேசலாமா? மருந்து குடிச்சுட்டு, நீங்க நல்லா இருக்கிற நேரமா. வேணாம்னாலும் சரிதான்.”

அம்மா போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். கோபம் இன்னும் போகவில்லை என்று தெரிந்தது.

“வேணாம்,” என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார். நளினி, “சரிங்க ஆன்ட்டி,” என்று சொல்லி அம்மாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார். காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோவிச்சுக்கிட்டாங்களாடா?” என்றார். சிறிது நேரம் கழித்து, “கட்டிலக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?” என்றார். இல்லவே இல்லை என்று சொன்னேன். என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

மருந்து வேளை வந்தது. நர்ஸ் எப்போதும் போலத் தள்ளுவண்டியோடு வந்து, சிரப்பை அளந்து, தலையணையைச் சரிசெய்து, அம்மா குடித்து முடிக்கும்வரை நின்றார். மாலையில் டாக்டர் வந்து வழக்கம்போலவே வலி எவ்வளவு என்று கேட்டார். அம்மா இந்த முறை “அஞ்சு” என்றார். டாக்டர் மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குரலைத் தாழ்த்தி, “குடுத்துட்டாங்கடா,” என்றார். “கூடவும் குடுக்கிறாங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தராசும் கொழுந்தும் உண்மைதான். அதற்கு அடியில் இந்தப் பயமும் இருந்திருக்கிறது. கட்டிலும் மருந்தும் நளினிக்குப் பதில் சொல்வதற்காகக் கிடைக்கும் கூலி என்று அம்மா இத்தனை வாரமும் எண்ணியிருந்தார். இல்லை என்று முதல் நாளே வாசித்துக் காட்டினார்கள். வாசித்தால் வந்துவிடுமா நம்பிக்கை?

சில நாள் கழித்து அம்மா தானாகவே, “அந்தப் பிள்ளைய வரச் சொல்லு,” என்றார். ஸ்வெட்டர் கேட்கவில்லை, தலையும் சீவிக்கொள்ளவில்லை. நளினி வந்தபோது சாய்ந்து படுத்தபடியே இருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். மருந்து குடித்த அசதியில் கண்கள் பாதி மூடியிருந்தன. நளினி பையிலிருந்து தாளை எடுத்து, முதல் நாள் போலவே மறுபடி தொடங்கினார்.

“ஆன்ட்டி, நீங்க எப்ப வேணும்னாலும் இதை நிறுத்தலாம். நிறுத்தினா உங்க மருத்துவம்…”

“அது தெரியும் நளினி,” என்றார் அம்மா. “நிறுத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல. நீ கேளு.”